தோட்டத்துப் பாலும் துளி அமிலமும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ரப்பர் மரத்தடியிலேயே தொடங்குகின்றனர். வெட்டுக்கத்தி, மங்கு, காண்டா வாளி, விடியற்காலைப் பெரட்டு, லயத்து வாழ்க்கை ஆகியவை நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் கவிதைகளிலும் நிலைத்த இடம் பெற்றுவிட்டன. ஆனால், வாளிப்பால் நிறுக்கப்பட்டு ஸ்டோருக்குள் சென்றதும் நம் எழுத்தின் பார்வை வாசலிலேயே நின்றுவிடுகிறது. தொழிலாளி வீடு திரும்புகிறான். கதையும் அவனுடன் லயத்திற்குத் திரும்புகிறது. உள்ளே சென்ற பால் என்னவாயிற்று, அதன் தரத்தை எதைக் கொண்டு அளந்தனர், அந்த அளவு யாருடைய உழைப்பைப் பற்றிச் சான்று பகர்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது.

அவ்வினாக்களுக்கு விடை தேடினால், ஓர் எளிய கண்ணாடிக் குழாயிடம் வந்து சேர்வோம். காரக் கரைசல் ஒன்றின் செறிவை, வலிமை தெரிந்த அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கண்டறிவதை வேதியியல் நூல்கள் ‘தரம் பார்த்தல்’ என்று கூறும். உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் செய்து மறந்துவிடும் பயிற்சி இது. ரப்பர்த் தோட்டத் தொழிலிலோ, கப்பலேறும் பால் கெடாமல் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானித்த சோதனை. கோலசிலாங்கூரையும் வட சிலாங்கூரையும் எடுத்துக்கொண்டால், தமிழர் உழைப்பை இக்குழாய் இரு முறை, இரு திசையில் அளந்திருக்கிறது என்று கூறலாம். அவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றங்கரைத் தோட்டங்கள்

சிலாங்கூர் ஆறு மலைநாட்டில் தோன்றி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வளைந்து வந்து கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்ட அவ்வூர், பழைய தோட்ட மக்களின் பேச்சில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடலோரத்தில் தென்னையும், உள்நிலத்தில் ரப்பரும், பிற்காலத்தில் செம்பனையும் இவ்வட்டாரத்தை ஆண்டன. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், ராஜா மூசா, சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், புக்கிட் தாகார் என்னும் பெயர்கள் நிலப்படத்தில் மலாய்ப் பெயராகவும் ஆங்கிலப் பெயராகவும் நின்றாலும், தமிழ்க் குடும்பங்களின் நினைவில் அவை சொந்த ஊர்ப் பெயர்களே.

மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்த முறையில் கொண்டுவருவது 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் வந்தோர் அதன் பின்னும் தொடர்ந்து வந்தனர். அந்த ஆண்டுகளில்தான் மோட்டார் வண்டியின் சக்கரத்திற்காக உலகம் ரப்பரைத் தேடியது. காடழித்தலும் கன்று நடுதலும் பால் வெட்டுதலும் அவர்கள் கைகளில் நடந்தன. தோட்டத்து அலுவலகத்திலும் ஸ்டோரிலும் கிராணிமாராகவும் உதவியாளராகவும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும், பின்னர்த் தோட்டத்தில் பிறந்து படித்த தமிழரும் பணியாற்றினர். ஆகவே மரத்தடி முதல் சோதனைக் குழாய் வரை இத்தொழிலில் நம்மவர் கை படாத இடம் இல்லை.

துளி எண்ணும் கலை

அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கும் என்பது பழைய அறிவு. நம் வீடுகளில் மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு கலந்தால் அது செக்கச் சிவந்து ஆரத்தியாகிறது. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிறது. காரம் உண்டா இல்லையா என்பதை நிறம் சொல்லிவிடும் என்று நம் பாட்டியருக்குத் தெரியும். வண்ணார் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணும் காரமே. ஆயினும் ‘உண்டா’ என்னும் கேள்விக்கும் ‘எவ்வளவு’ என்னும் கேள்விக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

அத்தொலைவைக் கடக்க ஐரோப்பாவைத் தூண்டியதும் துணி வெளுக்கும் தொழிலே. சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை வணிகர் விற்றனர். அதில் கலப்படம் மலிந்திருந்தது. 1756இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், அக்காரத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டியால் விட்டு, நுரைத்தல் நிற்கும் வரை எத்தனை கரண்டி சென்றது என்று எண்ணினார். அதிகக் கரண்டி ஏற்றுக்கொண்ட காரமே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு. பிரான்சில் தெக்ருவாசீல் என்பவர் அளவுக்கோடு இட்ட கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். காரத்தை அளக்கும் தம் கருவியை 1806இல் விளக்கி எழுதினார். கே லூசாக் 1824இல் பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்களை வழங்கினார். ஜெர்மானியரான மோர் 1855இல் இக்கலையை முழு நூலாக்கினார்.

மோர் செய்த சீர்திருத்தம் ஒன்று நமக்குச் சுவை தரக்கூடியது. பியூரெட்டின் அடியில் சிறு ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அதை ஓர் இடுக்கியால் அழுத்திப் பிடிக்கச் செய்தார். இடுக்கியைத் தளர்த்தினால் துளி விழும், விட்டால் நிற்கும். மலாயாவில் ரப்பர்த் தோட்டமே இல்லாத காலம் அது. காட்டு மரத்துப் பாலில் செய்த ரப்பர் அன்று துளியை அடக்கி ஆண்டது. அரை நூற்றாண்டு கடந்தபின், அந்தத் துளியே ரப்பர்ப் பாலை அளக்க வந்தது.

பாலுக்கு ஏன் காரம்?

மரத்திலிருந்து வடியும் பால் ஏறத்தாழ நடுநிலைத் தன்மையுடையது. அதில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்புப் பொருளும் போர்த்தியிருக்கின்றன. அப்போர்வையிலுள்ள எதிர் மின்னூட்டம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. மங்கில் விழுந்த கணத்திலிருந்து நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலம் மின்னூட்டத்தை அழிக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது.

ஷீட் ரப்பர் செய்ய வேண்டுமாயின் பால் கட்டியாகத்தான் வேண்டும். ஆனால் அது தொட்டியில், வேண்டிய நேரத்தில் நிகழவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் நடந்த ஆய்வுகளை அடுத்து அசெட்டிக் அமிலமும், பின்னர் பார்மிக் அமிலமும் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் பொருள்களாயின. பாலைப் பாலாகவே ஏற்றுமதி செய்ய வேண்டுமாயின் நிலைமை நேர்மாறு. அங்கே அமிலமே பகை. அப்பகையைத் தடுக்கும் காவலாளி அம்மோனியா என்னும் காரம். அது நுண்ணுயிரை அடக்கும். தோன்றிய அமிலத்தைச் சமன்செய்யும். துகள்களின் மின்னூட்டத்தையும் காக்கும். அம்மோனியாவால் ரப்பர்ப் பாலைப் பாதுகாக்கும் முறைக்கு 1853லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் 1920களில் மையவிலக்குப் பொறி வந்து, நீரை நீக்கி ரப்பரை 60 விழுக்காட்டுக்கு உயர்த்திய பின்னரே செறிவுப் பால் பெருந்தொழிலாயிற்று. மெத்தை, கையுறை, பலூன், கம்பளத்தின் அடிப்பூச்சு என அதன் பயன்கள் பெருகின.

காவலாளியின் பலம் அளவோடு இருக்க வேண்டும். உயர் அம்மோனியா வகைச் செறிவுப் பாலில் 0.6 விழுக்காட்டுக்குக் குறையாமல் அம்மோனியா இருத்தல் வேண்டும் என்பது உலகத் தரம், வழக்கத்தில் 0.7 அளவில் வைப்பர். வேறு காப்புப் பொருள்கள் சேர்த்த தாழ் அம்மோனியா வகையில் 0.29க்கு மேற்படக் கூடாது. குறைந்தால் பால் வழியிலேயே கெடும். மிகுந்தால் வாங்கியவரின் தொழிற்சாலையில் அதைப் போக்கச் செலவு மிகும். நெடியும் கண்ணைக் கரிக்கும். ஷீட் செய்யும் தோட்டத்திலும் இக்கணக்கு உண்டு. அம்மோனியா கூடிய பாலை உறைய வைக்கக் கூடுதல் அமிலம் வேண்டும்.

அளந்த முறை

மூக்கால் முகர்ந்தே அம்மோனியாவின் அளவைச் சொல்லும் அனுபவசாலிகள் இருந்திருக்கலாம். ஆனால் நாள் முழுதும் அந்த நெடியில் நிற்பவரின் மூக்கு மழுங்கிவிடும். நிறத்தாளோ காரம் உண்டு என்பதை மட்டுமே சொல்லும். காரத்தின் கூர்மையைக் காட்டும் பி.எச். அளவும் இங்கே போதிய துணை அன்று. அம்மோனியா மென்காரம். அதன் அளவு 0.5இலிருந்து 0.7 ஆக உயர்ந்தாலும் பி.எச். எண் மிகச் சிறிதே அசையும். கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து ஊற்றின் வளத்தை அறிய முடியாதல்லவா? இறைத்துப் பார்க்கத்தான் வேண்டும். தரம் பார்த்தல் என்பது அப்படி இறைத்துப் பார்க்கும் செயல்.

செய்முறை சிறியது; கவனமோ பெரிது. ஏறத்தாழ 5 கிராம் பாலை விரைந்து நிறுக்க வேண்டும். தாமதித்தால் அம்மோனியா காற்றில் பறந்துவிடும். பாலை அப்படியே வைத்து அமிலம் விட்டால் அது கட்டியாகித் தனக்குள் காரத்தைச் சிறைப்படுத்திக்கொள்ளும். ஆதலின் ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் நீரில், உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்றையும் சேர்த்து, அதைக் கலக்க வேண்டும். பின் மெத்தில் சிவப்பு என்னும் நிறங்காட்டியில் சில துளிகள். வெண்பால் வெளிர்மஞ்சள் சாயல் கொள்ளும். லிட்டருக்கு 0.1 மோல் வலிமையுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டுக் குலுக்க, ஒரு துளியில் மஞ்சள் மறைந்து இளஞ்சிவப்புத் தோன்றும். அங்கே நிறுத்திக் குழாயின் எண்ணைப் படிக்க வேண்டும்.

சென்ற அமிலத்தின் மில்லி லிட்டரை அதன் வலிமையால் பெருக்கி, 1.7ஆலும் பெருக்கி, பாலின் எடையால் வகுத்தால் 100 கிராம் பாலிலுள்ள அம்மோனியா கிடைக்கும். 5 கிராம் பாலுக்கு 20.6 மில்லி லிட்டர் சென்றால் விடை 0.70. அதே பாலுக்கு அடுத்த வாரம் 14.7 மட்டுமே சென்றால் விடை 0.50. அப்பொழுது 10,000 கிலோகிராம் பால் உள்ள தொட்டிக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் அம்மோனியா மீண்டும் ஊட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிடும். ஒரு துளியின் நிறமாற்றத்தில் ஒரு தொட்டிப் பாலின் கதி அடங்கியிருந்தது.

நிறங்காட்டியின் தேர்விலும் ஓர் ஆழம் உண்டு. மென்காரமான அம்மோனியா வல்லமிலத்தோடு சேர்ந்து முடியுமிடம் நடுநிலை அன்று. சற்று அமிலப் பக்கம் சாய்ந்தது. 1908இல் அறிமுகமான மெத்தில் சிவப்பு சரியாக அவ்விடத்தில் நிறம் மாறும். பினாப்தலீனை இட்டால் அது முந்திக்கொண்டு நிறமிழந்து, இருக்கும் காரத்தைக் குறைத்துக் காட்டும். இத்தகைய முறைகளை வகுத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டியதில் 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திற்குப் பெரும் பங்குண்டு. அதன் சோதனைத் தோட்டம் கோலசிலாங்கூருக்குத் தென்கிழக்கே சுங்கை பூலோவில் அமைந்தது. 1998இல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது.

தென்னமரம் தோட்டத்தில் எதிர்த்திசை

இவ்வட்டாரத்திற்கே உரிய சிறப்பு ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கோனியே 1905இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர்ப் பகுதியில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கினார். 1911இல் அங்கே செம்பனை விதைகளை ஊன்றினார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அதன் பெயர் தென்னமரம். உலகின் பெருந்தொழில்களுள் ஒன்றாக வளர்ந்த மலேசியச் செம்பனைத் தொழில் ஒரு தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழ்த் தொழிலாளரோடு பழகிய இவரே மலாயா வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார்.

செம்பனை எண்ணெயில் அளவை தலைகீழாகிறது. பழம் அடிபட்டாலும், மிகக் கனிந்தாலும், வெட்டிய குலை ஆலைக்குச் செல்லாமல் கிடந்தாலும், பழத்திலுள்ள நொதி கொழுப்பைப் பிளந்து அமிலத்தை விடுவிக்கும். அந்தக் கொழுப்பமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது கச்சா எண்ணெய் வணிகத்தின் பொதுவான வரம்பு. இங்கே குழாயில் இருப்பது காரம். குடுவையில் இருப்பது அமிலம். சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட, நிறங்காட்டி இளஞ்சிவப்பாகும் இடத்தில் கணக்கு முடிகிறது. மென்னமிலத்தை வல்காரம் சமன்செய்யும் இடம் காரப் பக்கம் சாய்ந்தது. ஆதலின் ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாத பினாப்தலீன் இங்கே பொருத்தமான சாட்சியாகிறது.

1960களுக்குப் பின் ரப்பர் மரங்கள் விழ விழ, அவ்விடங்களில் செம்பனை எழுந்தது. பால் வெட்டிய குடும்பங்கள் குலை வெட்டவும் உதிர்ந்த பழம் பொறுக்கவும் சென்றன. பாலின் காரத்தை அமிலத்தால் அளந்த தொழில், எண்ணெயின் அமிலத்தைக் காரத்தால் அளக்கும் தொழிலாக மாறிற்று. குழாய் மட்டும் மாறவில்லை.

எண்ணும் கூலியும்

இவ்விரு எண்களும் உண்மையில் எதை அளந்தன? ரசாயன நூலைக் கேட்டால் காரத்தையும் அமிலத்தையும் என்று கூறும். தோட்டத்தைக் கேட்டால் வேறு விடை வரும். மங்கைக் கழுவி வைத்தாரா, மழைக்கு முன் பால் சேர்த்தாரா, வாளியில் அம்மோனியாத் துளிகளை நேரத்தில் விட்டாரா, காண்டாவைத் தோளில் ஏற்றி நிறுவைக்கு விரைந்தாரா என்பவையே முதல் விடைகள். அழுக்கு மங்கில் நுண்ணுயிர் பெருகும். அதற்கேற்பக் கூடுதல் அம்மோனியா செலவாகும். குலை விழுந்து பழம் நசுங்காமல் காத்த கையும், அன்றே சாலையோரம் சேர்த்த காலும் எண்ணெயின் எண்ணில் பதிவாகின்றன. ஆய்வுக்கூடத்து எண் என்பது அதிகாலை முதல் நண்பகல் வரையிலான மனித உழைப்பின் நேர்த்தியே.

ஆனால் அந்த நேர்த்திக்குரிய பெயர் எவரையும் சேரவில்லை. தரம் பார்த்த எண் தொழிற்சாலைப் புத்தகத்தில் ஏறியது; விற்பனைச் சான்றிதழில் ஏறியது. தொழிலாளியின் கூலிச் சீட்டுக்கு அது வரவில்லை. அங்கே வந்தது வேறோர் அளவு. பாலில் எவ்வளவு ரப்பர் என்பதைக் காட்டும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியின் எண் அது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலால் ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ்ந்து நிற்கும், நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். நுரையைப் பாலின் மட்டமென்று கொண்டு படித்தால் எண் பிறழும். எண் பிறழ்ந்தால் கூலி பிறழும். வழியில் கட்டியான பாலுக்கோ, நல்ல பாலுக்குரிய விலை கிடையாது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் மேசைக்கு அப்பால் நின்றார். படிக்கத் தெரியாதவர் வாளியோடு இப்பால் நின்றார்.

அளவைக் கருவி பொய் சொல்வதில்லை என்பர். உண்மைதான், ஆனால் அதன் மொழி ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அது சொல்லும் உண்மையும் ஒரு தரப்புக்கே பயன்படும். 18ஆம் நூற்றாண்டில் துணி வெளுப்போர் காரத்தை அளக்கக் கற்றது வணிகர் தம்மை ஏமாற்றாதிருக்கவே. வாங்குபவரைக் காக்கப் பிறந்த கலை அது. நம் தோட்டங்களிலும் அது வாங்குபவரைக் காத்தது; விற்கும் முதலாளியையும் காத்தது. பாலைத் தந்த கைகளுக்கு அது கற்பிக்கப்படவில்லை. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பின் கூலியும் விலையும் விளைச்சலும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. எண்ணைக் கேள்வி கேட்கும் உரிமையும் மெல்ல மெல்ல வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கிளம்பி, பின்னர் அறிவியல் கற்று, ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைக் கையில் எடுத்த இளைஞர் தலைமுறையை நாம் இந்தக் கோணத்தில் காண வேண்டும். அவர்கள் மேசையின் மறுபக்கம் சென்றது தனி மனித முன்னேற்றம் மட்டுமன்று. அளவையின் மொழி நம் வீட்டுக்குள் வந்த நிகழ்ச்சியும் ஆகும்.

பதிவு செய்ய வேண்டியது

இன்று வட சிலாங்கூரில் ரப்பர் மரங்கள் அருகிவிட்டன. செம்பனைக் காடுகளும் குடியிருப்பு நகரங்களும் பழைய நிரைகளின் மேல் படர்ந்துள்ளன. கையுறைத் தொழிலில் மலேசியா உலகப் புகழ் பெற்றிருப்பினும், அதற்கு வேண்டிய செறிவுப் பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. எங்கிருந்து வந்தாலும் தொழிற்சாலை வாசலில் அதே சோதனை காத்திருக்கிறது. தானியங்கிக் கருவிகள் துளியை எண்ணினாலும் கணக்கு மாறவில்லை.

நம் தோட்ட வரலாறு கண்ணீராலும் வியர்வையாலும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், உழைத்தவர் வலிமை மட்டுமே உடையவர், அறிவும் நுட்பமும் வேறெவருக்கோ உரியவை என்னும் எண்ணம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். வெட்டின் ஆழத்தைப் பட்டையறிந்து காத்ததும், துளி அம்மோனியாவை நேரமறிந்து விட்டதும், நிறம் மாறும் ஒரே துளியில் கையை நிறுத்தியதும் ஒரே சங்கிலியின் கண்ணிகளே. தோட்ட வரலாறு தொகுக்கும் நம் சங்கங்கள், வெட்டுக்கத்தியையும் மங்கையும் காட்சிக்கு வைப்பதுடன், ஸ்டோரிலும் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றிய முதியோரின் நினைவுகளையும் அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களையும் எழுதி வைக்க வேண்டும். நெடியேறிய அறையில் பழைய கணக்குப் புத்தகம் ஏதேனும் எஞ்சியிருந்தால், அதில் உள்ள 0.70 என்னும் எண்ணுக்கு அருகே, அப்பாலை வெட்டித் தந்த நிரைக்காரரின் பெயரையும் நாம் எழுதியாக வேண்டும்.